வகுப்புக்குப் போனால் நிற்கிற நானூறு ரூபாய்

மன்னார்குடி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நாற்றங்கால் வேலையில் உட்கார்ந்து எழுத நேரம் கிடைக்கவில்லை. மேட்டூர்த் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு இப்போதுதான் எட்டிப் பார்த்திருக்கிறது. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, உன்னை விசாரித்தார்கள்.

என் தங்கை மகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். 2018 கஜா புயலில் தென்னை மொத்தமும் சாய்ந்ததும் புருஷனும் பெண்டாட்டியுமாகத் திருப்பூர் போனார்கள் அல்லவா? பனியன் கம்பெனியில் ஆளைக் குறைத்தபோது அவளுக்கும் வேலை போயிற்று. ஊருக்கு வந்த இடத்தில் அவன் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடக்கிறான். நடவுக்குப் போகலாமென்றால் பாதி வயலில் மெஷின் இறங்குகிறது, அறுப்பை மெஷின் எடுத்துக்கொண்டு வெகுநாளாயிற்று.

பிளஸ் டூ முடித்தபோது வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்ததை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை விடாமல் புதுப்பித்து வந்திருக்கிறாள். 1986-இல் நாம் இரண்டு பேரும் தஞ்சாவூர் போய்ப் பதிந்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டில் விடிய விடியக் கிடந்தோமே, அந்த அட்டை இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அவளுக்கு அந்தப் பதிவுதான் கைகொடுத்தது. பதிந்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், ஆர்.ஐ. என்கிற வருவாய் ஆய்வாளர் கையெழுத்து வேண்டும். எல்லாம் சேர்த்துக் கொடுத்ததும் வேலையில்லாதவர்களுக்கு அரசு தருகிற உதவித்தொகை, பிளஸ் டூவுக்கு உள்ள மாதம் 400 ரூபாய், வரத் தொடங்கியது. டிகிரிக்கு 600, பத்தாவதுக்கு 300. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்புக்கில் ஏறும். மூன்று வருஷம் வரைதான்.

இப்போது 33 வயதில் ஐ.டி.ஐ.யில் கம்ப்யூட்டர் படிப்பில் சேருகிறேன் என்கிறாள். பெண்களுக்கு அங்கே வயது வரம்பு இல்லை. எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை. ஆனால் தினசரி வகுப்புக்குப் போகிறவருக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்பது விதி. தபால் வழியில் படித்தால் தொடரும். அதைக் கேட்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தாள்.

யோசித்துப் பார் மாப்ளே. அவளுக்கு வேலை வாங்கித் தரப்போவது நேரில் போய்க் கையால் பழகுகிற படிப்பு. அதற்குப் போனால் உதவி நின்றுபோகிறது. வீட்டில் இருந்து படிக்கிற பி.ஏ.வுக்கு நிற்பதில்லை. வேலையில்லாமல் இருப்பவருக்குத் துணை நிற்க நினைத்த அரசு, அவர் எழுந்து நடக்கும்போது கையை எடுத்துக்கொள்ளலாமா?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உண்டு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-இலிருந்து டிக்கெட்டும் இல்லை. அதனால் இவள் தப்பித்தாள். ஆனாலும் 750 என்பது நாளுக்கு 25 ரூபாய். அதில் அவள் சாப்பிட வேண்டும், பிள்ளையைப் பார்க்க வேண்டும், படுத்திருப்பவனுக்கு மருந்து வாங்க வேண்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 தருகிறார்கள். ரொம்ப நல்ல காரியம், ஆனால் அவை பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்தவை. பத்துப் பதினைந்து வருஷம் உழைத்துவிட்டுத் திரும்ப வகுப்புக்கு வருகிறவர், பின்னால் ஒரு குடும்பத்தையும் இழுத்துக்கொண்டு வருகிறார். நூறு நாள் வேலையில் வாய்க்கால் வெட்டினால் கூலி தருகிறோம். வகுப்பில் உட்கார்ந்து கழிக்கிற நாளும் வேலைநாள்தானே? வருகைப் பதிவைப் பார்த்து அதற்கும் கூலி போல ஒன்று கொடுத்தால் பாதியில் நிற்கிறவர்கள் எத்தனையோ பேர் படித்து முடிப்பார்கள். நம் தெருவிலேயே இரண்டு பையன்கள் அப்படி நின்றுபோனதைப் பார்த்தேன்.

அவளைச் சேர்த்துவிட்டேன். முதல் நாள் அவள் மகனே வாசல்வரை வந்து அம்மாவுக்கு டாட்டா காட்டினான்.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். ஆபீஸில் இத்தனை வருஷம் குறிப்பு எழுதியவன் நீ. படிக்கப் போனாலும் இந்த உதவித்தொகை நிற்கக் கூடாது என்று கலெக்டருக்கு ஒரு மனு எழுதிக் கொடு. விதி சென்னையில் போட்டது என்று தெரியும், மேலே அனுப்பச் சொல்லிக் கேட்போம். திங்கட்கிழமை குறைதீர் நாளில் திருவாரூர் போய் நானே வரிசையில் நின்று கொடுக்கிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன்
பழைய பெஞ்சுக் கூட்டாளி