எம்.டி.ஆர். என்றால் ரவா இட்லி மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பெங்களூரின் பழைய ஓட்டல்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். லால்பாக் சாலை எம்.டி.ஆர். (மாவள்ளி டிபன் ரூம்ஸ்) ஓட்டலுக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருந்தீர்கள், சந்தோஷம். ஆனால் அந்தப் பக்கம் முழுவதையும் ரவா இட்லியே சாப்பிட்டுவிட்டது. ஓட்டலை வளர்த்த யக்ஞநாராயண மய்யாவுக்கு இரண்டு வரிகூட மிச்சமில்லை. பசவனகுடியில் குடியிருக்கும் தமிழன் என்கிற உரிமையில், விட்டுப்போனதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

ரவா இட்லி கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுவிட்டது. அரிசிக்குப் பதில் ரவையைப் போட்டு, தயிரும் சோடா உப்பும் கலந்து, மாவு புளிக்கக் காத்திராமல் ஆவியில் வேகவைத்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான், சரி. ஆனால் அது தட்டுப்பாடு நெருக்கியதால் செய்த வேலை. யாரும் கேட்காமலே மய்யா தலையில் போட்டுக்கொண்ட வேலை வேறு.

உடுப்பிப் பக்கம் பாரம்பள்ளி கிராமத்திலிருந்து பெங்களூருக்கு வந்து, பெரிய மனிதர்கள் வீட்டில் சமையல் வேலை பார்த்த சகோதரர்கள் இந்த மய்யாக்கள். 1924இல் சின்னதாக ஒரு கடை போட்டார்கள். அதன் பெயர் 'பிராமின் காபி கிளப்'. இந்தப் பெயரைக் கட்டுரை நாசூக்காகத் தாண்டிவிட்டது, தாண்டியிருக்க வேண்டாம். ஓட்டல் பலகையில் சாதி எழுதுவது அன்றைக்கு இங்கும் அங்கும் சகஜம். சென்னையில் 1957இல்கூட திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் பெரியார் போராட்டம் நடத்தித்தான் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கவைக்க வேண்டியிருந்தது. மய்யாக்களின் கடை 1960இல் இப்போதைய கட்டடத்துக்கு வந்தபோது 'மாவள்ளி டிபன் ரூம்ஸ்' ஆனது. மாவள்ளி என்பது அந்தப் பேட்டையின் பெயர்.

அண்ணன் காலமான பிறகு கடை யக்ஞநாராயணர் கைக்கு வந்தது. 1951இல் அவர் ஐரோப்பாவுக்குப் போனார். சுற்றிப் பார்க்க இல்லை. அங்கே ஓட்டல்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்ப்பதற்கு. சமையற்காரராக வாழ்க்கையைத் தொடங்கிய ஒருவர் அந்தக் காலத்தில் இதற்காக அத்தனை தூரம் போனதை நினைத்துப் பாருங்கள். திரும்பி வந்ததும் அவர் பிடித்துக்கொண்டது சுத்தம் ஒன்றைத்தான். தம்ளர், தட்டு, கரண்டி எல்லாவற்றையும் நீராவியில் சுத்தம் செய்ய ஏற்பாடு செய்தார். சாப்பிட வருகிறவர்கள் சமையலறையைக் கண்ணால் பார்க்கும்படி திறந்துவைத்தார். ஒரே வாளித் தண்ணீரில் நூறு தம்ளரை முக்கியெடுக்கும் கடைகள் இன்றும் இருக்கின்றன என்பதை நினைத்தால் இதன் பெருமை புரியும். கண்ணாடிக்குப் பின்னால் சமையலைக் காட்டிவிட்டு அதைப் புதுமை என்று விளம்பரம் செய்யும் இன்றைய ஓட்டல்காரர்களுக்கும் இதை யாராவது சொல்ல வேண்டும்.

அப்புறம் நெருக்கடி நிலை. கட்டுரையில் இது அறவே இல்லை. எனக்குக் குறை அதில்தான். 1975இல் ஓட்டல் பண்டங்களைக் குறைந்த விலைக்கே விற்க வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது. இப்படி ஓர் உத்தரவு வந்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? இட்லி இளைக்கும், சட்னியில் தேங்காய் குறைந்து பொட்டுக்கடலை ஏறும், நெய்க் கிண்ணத்தில் டால்டா வரும். அப்போது பொறுப்பில் இருந்தது மய்யாக்களின் அடுத்த தலைமுறை. அன்றன்றைய நஷ்டத்தை வாசலில் எழுதிவைத்துக்கொண்டே பழைய தரத்தில் பரிமாறினார்கள் என்று சொல்வார்கள். கட்டுப்படியாகாத கட்டத்தில் ஓட்டலை மூடியே விட்டார்கள். வீட்டில் செய்துகொள்ளும்படி மாவுக் கலவையும் மசாலாப் பொடியும் பொட்டலம் போட்டு விற்றுத்தான் பிழைத்தார்கள். இன்று மளிகைக் கடையில் நாம் வாங்கும் எம்.டி.ஆர். பாக்கெட்டுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

பாக்கெட் வியாபாரம் 2007இல் நார்வேயின் ஓர்க்லா நிறுவனத்துக்குக் கைமாறியது. ஓட்டல் குடும்பத்திடமே இருக்கிறது. உங்கள் கட்டுரை இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, ஓட்டலே வெளிநாட்டுக்காரரிடம் போய்விட்டதாக எழுதியிருக்கிறது. தயவுசெய்து திருத்தம் வெளியிடுங்கள்.

அங்கே எல்லாமே எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். சாம்பாரின் இனிப்பு தமிழ் நாக்குக்குச் சுலபத்தில் ஒட்டாது. மசால் தோசையைத் தொட்டால் விரலெல்லாம் நெய். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இடம் கிடைத்தாலும் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேஜையில்தான். ஆனால் முந்திரி பதித்த ரவா இட்லியும் சின்னக் கிண்ணத்தில் நெய்யும் கூடவே குருமா மாதிரியான உருளைக்கிழங்கு சாகுவும் வந்துவிட்டால் பக்கத்தில் யார் என்று பார்க்கத் தோன்றாது. கட்டுரையைப் படித்துவிட்டுக் கிளம்பும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: திங்கட்கிழமை விடுமுறை.

அந்த விலைக் கட்டுப்பாட்டு நாட்களில் நம் ஊர் ஓட்டல்கள் எப்படிச் சமாளித்தன என்பதை அன்று கல்லாவிலும் அடுப்படியிலும் இருந்தவர்களிடம் கேட்டு ஒரு கட்டுரை வெளியிட்டால் நன்றாக இருக்கும். கேட்பதற்கு இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பசவனகுடி வாசகர், பெங்களூரு