பழைய டிவிடி பிளேயரும் புதிய டிவியும்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள வேலாயுதம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், தங்கச்சிக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததும் அறிந்து மிகவும் மகிழ்ந்தோம். இங்கு எல்லோரும் நலம். மாப்பிள்ளைக்குப் பணிமாற்றம் வந்ததால் மகள் குடும்பம் கோவைக்குப் போய்விட்டது. வீடு வெறிச்சென்று இருக்கிறது. இனி நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன்.

திருக்கடையூரில் 2005-இல் நடந்த உன் பெற்றோரின் சதாபிஷேக டிஸ்க்கைப் புதிய டிவியில் போட வழியில்லை என்றும், பிளேயரைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடும்படி கடையில் சொன்னார்கள் என்றும் எழுதியிருந்தாய். தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதே. பிளேயர் நன்றாகத்தான் ஓடுகிறது என்று நீயே சொல்கிறாய். அதன் பின்பக்கத்து மஞ்சள் துளையில் படமும், சிவப்பு வெள்ளைத் துளைகளில் ஒலியும் அனலாக் சிக்னலாக வெளிவருகின்றன; புதிய டிவியின் ஹெச்டிஎம்ஐ துளையோ டிஜிட்டல் சிக்னலை மட்டுமே ஏற்கும். இரண்டிலும் பழுது எதுவும் இல்லை, இடையில் சரியான இணைப்பு இல்லை, அவ்வளவுதான்.

எதையும் வாங்குவதற்கு முன் இரண்டின் பின்பக்கத்தையும் டார்ச் அடித்து நிதானமாகப் பார். பிந்தி வந்த பிளேயர்கள் பலவற்றில் ஹெச்டிஎம்ஐ துளையே உண்டு. உன்னுடையதிலும் இருந்தால் ஒரே கேபிளில் வேலை முடிந்துவிடும். இல்லையென்றால் டிவியில் ‘ஏவி இன்’ என்று எழுதிய சிறிய வட்டத் துளை இருக்கிறதா என்று தேடு. இயர்போன் துளை போலவே இருப்பதால் பலர் அதைக் கவனிப்பதில்லை. அதற்கான குட்டைக் கேபிள் சில டிவிகளுடன் பெட்டியிலேயே வரும்: ஒரு முனையில் ஒற்றைப் பின், மறுமுனையில் மூன்று நிறத் துளைகள். சாதாரண இயர்போன் பின்னில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருக்கும், இதில் மூன்று. அந்த வளையங்களுக்கு இடையே படத்துக்கும் ஒலிக்கும் இடம் ஒதுக்கியிருக்கும் வரிசை எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றல்ல; ஆகவே வெளியில் வாங்கிய கேபிளில் படம் வராமல் இரைச்சல் மட்டும் வந்தால், மஞ்சளையும் சிவப்பையும் இடம் மாற்றிச் செருகிப் பார்ப்பது நல்லது. இன்னும் சில டிவிகளில் மஞ்சள் துளை தனியாக இருக்காது, படத்தை மூன்று கேபிள்களில் பிரித்து அனுப்பும் ‘காம்பொனென்ட்’ முறைக்கான பச்சைத் துளையே மஞ்சளின் வேலையையும் சேர்த்துப் பார்க்கும். மஞ்சள் பின்னை அதில் செருகியதும் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தால், ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தி ‘காம்பொனென்ட்’ என்பதை ‘ஏவி’ என்று மாற்று, நிறம் வந்துவிடும்.

ஹெச்டிஎம்ஐ தவிர வேறு எதுவுமே டிவியில் இல்லையென்றால், அனலாக் சிக்னலை டிஜிட்டலாக மாற்றித் தரும் கன்வெர்ட்டர் பெட்டி வாங்க வேண்டும். சில நூறு ரூபாய்தான். கடையில் கேட்கும்போது ‘ஏவி டு ஹெச்டிஎம்ஐ’ என்று அழுத்திச் சொல். ‘ஹெச்டிஎம்ஐ டு ஏவி’ என்று எதிர்த்திசையில் வேலை செய்யும் பெட்டியும் பார்வைக்கு அச்சாக அப்படியே இருக்கும், அது உனக்குப் பயன்படாது. ஒரு முனையில் மூன்று பின்னும் மறுமுனையில் ஹெச்டிஎம்ஐயும் உள்ள வெறும் கேபிளையும் விற்கிறார்கள். சிக்னலை மாற்றும் சர்க்யூட் இல்லாத அந்தக் கேபிளில் படம் வராது, காசுதான் வீண். கன்வெர்ட்டருக்கு 5 வோல்ட் மின்சாரம் வேண்டும். டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்தே எடுக்கலாம், செல்போன் சார்ஜரும் போதும்.

எல்லாம் சரியாக இணைத்தும் திரை கறுப்பாகவே இருந்தால், பிளேயர் மஞ்சள் துளையில் படம் அனுப்பாமல் காம்பொனென்ட் அல்லது புரோகிரெசிவ் (படத்தின் எல்லா வரிகளையும் ஒரே தடவையில் அனுப்புவது) முறையில் நின்றிருக்கக்கூடும். பல பிளேயர்களின் ரிமோட்டில் அதை மாற்றத் தனிப் பட்டன் உண்டு, படம் வரும்வரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்.

படம் வந்த பிறகு, தெளிவு போதவில்லை என்று நீ வருந்தக்கூடும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் புழங்கும் ‘பால்’ (PAL) என்ற வீடியோ முறை டிவிடியில் ஒரு படத்துக்கு 720-க்கு 576 புள்ளிகள். உன் 4கே டிவியில் 3840-க்கு 2160, அதாவது சரியாக 20 மடங்கு. டிஸ்க்கில் இருக்கும் ஒரு புள்ளியை டிவி இருபதாகப் பெருக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது. எந்தக் கன்வெர்ட்டரும் இல்லாத விவரத்தைப் புதிதாகக் கொண்டுவர முடியாது. டிவியில் ஷார்ப்னெஸைக் குறைத்தால் ஓரங்களின் பிசிறு அடங்கும். திரையின் அளவை 4:3 என்று வை. பக்கங்களில் கறுப்புப் பட்டை விழுந்தாலும் பரவாயில்லை, திரை முழுவதும் இழுத்து நிரப்பினால் உன் அம்மாவும் அப்பாவும் உண்மையில் இருந்ததைவிடப் பருமனாகத் தெரிவார்கள். அவர்களை அவர்களாகவே பார்க்க வேண்டும் என்பதுதானே உன் ஆசை.

வீடியோக்காரர்கள் எழுதிக் கொடுத்த அத்தகைய டிஸ்க்குகளில் பதிவைத் தாங்குவது ஒரு சாய அடுக்கு. வெயிலிலும் வெப்பத்திலும் அது கெடும். ஆகவே டிவிடி டிரைவ் உள்ள கணினியில் போட்டு இரண்டு பென் டிரைவ்களில் நகலெடுத்து, ஒன்றை உன் தம்பி வீட்டில் வைத்துவிடு. நகல் எடுத்து முடியும்வரை டிஸ்க்கை டிவிக்கு மேலோ ஜன்னலோரமோ வைக்காதே.

டிவியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, எது வாங்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
சிவராமன்