செயலாளர் ஆண்டறிக்கை 2023: வீடு தேடும் பருந்துகளும் கூகைகளும்

தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, அண்ணன்மாரே, அக்காமாரே, முதல் முறையாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் இயங்கும் நம் பறவை வளர்ப்போர் சங்கத்தின் 2023ஆம் ஆண்டு நடவடிக்கைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

வழக்கமானவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. புறாப் பந்தயப் பிரிவு தன் அறிக்கையைத் தனியே படிக்கும். கிளி, ஃபின்ச் கண்காட்சியைப் பறவைக் காய்ச்சல் பரவிய காரணத்தால் கைவிட்டோம். பிரியாணி விற்பனையில் வந்த பணம் முழுவதும் தீனிக்கும் மருத்துவச் செலவுக்கும் போயிற்று. வரவு செலவைப் பொருளாளர் அக்கா வாசிப்பார். இவற்றையெல்லாம் விட இந்த ஆண்டு செயற்குழுவின் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது ஒரு விஷயம்தான். கூண்டிலேயே பொரித்து வளர்ந்து, வைத்துக்கொள்ள ஆளில்லாமல் நிற்கும் வேட்டைப் பறவைகளுக்கு இடம் தேடும் வேலை. அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியது.

இத்தனை பறவைகள் எப்படி மிஞ்சின என்று பலர் கேட்டீர்கள். நம்மிடம் வந்தவை பெரும்பாலும் இரண்டு இனம்: ஹாரிஸ் பருந்து, கூகை என்னும் ஆந்தை. ஹாரிஸ் பருந்துக்குச் சொந்த ஊர் அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதி தொடங்கி சிலி, அர்ஜென்டினா வரை. காட்டிலேயே குடும்பமாக வாழ்ந்து சேர்ந்து வேட்டையாடும் பறவை என்பதால் மனிதரோடும் சீக்கிரம் பழகிவிடும். பருந்து பழக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். ஜோடி ஒத்துப்போனால் ஒரு அடைக்கு இரண்டு முதல் நான்கு முட்டை. தீனி தாராளமாகக் கிடைத்தால் ஆண்டுக்கு ஒரு அடையோடு நிற்பதில்லை. கூகை இன்னும் தாராளம். ஒரே அடையில் நான்கு முதல் ஏழு முட்டை வரை இடும். ஒரு ஜோடியை மூன்று வருடம் கவனிக்காமல் விட்டால் பறவைக் கூடம் நிறைந்துவிடும்.

வாங்கியவர்களின் வாழ்க்கை ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒருவருக்கு ஜோகன்னஸ்பர்க்கில் வேலை கிடைக்கிறது. இன்னொரு குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறது. நம் மூத்த உறுப்பினர் ஒருவர் இவ்வாண்டு காலமானபோது அவருடைய பறவைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் மனைவி நம்மைக் கூப்பிட்டார். பறவை வைத்திருக்கும் பெர்மிட் (அரசு அனுமதி) கணவர் பெயரில் இருந்தது. அது மனைவிக்கோ மகனுக்கோ தானாக வந்து சேராது. ஹாரிஸ் பருந்து கூண்டில் 20 ஆண்டுக்கு மேலும் வாழும், கூகை 15 ஆண்டு சாதாரணமாக வாழும். ஐம்பது வயதில் குஞ்சு வாங்குகிறவர் அந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

"திறந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளாதா?" என்ற கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் வந்தது. நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்கிறேன். ஹாரிஸ் பருந்து இந்த நாட்டுப் பறவை அல்ல. அனுமதியில்லாமல் அதை வெளியே விடுவது 2004ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்க, சில்வர்கிளென் காட்டில் ஏற்கெனவே வாழும் வல்லூறுகளின் இரையையும் கூடு கட்டும் மரத்தையும் அது பங்கு கேட்கும். இரண்டு ராஜாளி இனங்களைக் கலந்து உண்டாக்கிய கலப்புப் பறவை என்றால் சேதம் இன்னும் ஆழமானது. அது காட்டு ராஜாளியோடு ஜோடி சேர்ந்துவிட்டால் பிறகு திருத்த வழியில்லை. கூகை உள்ளூர்ப் பறவைதான், ஆனால் குஞ்சிலிருந்து மனிதக் கையில் ஊட்டி வளர்த்தது மனிதரைத்தான் தன் இனம் என்று நினைக்கும். பசித்தால் வீட்டுக் கூரையில் வந்து அமர்ந்து கத்தும். ஆந்தை கத்தினால் சாவு வரும் என்று நம்பும் தெருவில் அதன் கதி என்னவாகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. தமிழர் வீட்டிலும் ஜூலு வீட்டிலும் அந்தப் பயம் இன்னும் இருக்கிறது.

மொரீசியஸிலிருந்து வந்திருந்த நம் உறவினர் ஒருவர் அங்கே கூண்டில் வளர்த்த பறவைகளைக் காட்டில் விட்டதைச் சொல்லி, நாமும் அப்படிச் செய்யலாமே என்றார். அவர் சொன்னது உண்மை. 1974இல் மொரீசியஸ் காடுகளில் இருப்பதாகத் தெரிந்த அந்தத் தீவின் சிறு ராஜாளிகள் நான்கே நான்கு. பறவைப் பாதுகாப்பு அறிஞர் கார்ல் ஜோன்ஸும் அவரோடு உழைத்தவர்களும் கூண்டில் பொரிக்கவைத்தும், காட்டுக் கூட்டு முட்டைகளை எடுத்துப் பொரித்து வளர்த்தும், 1990களின் நடுப்பகுதிக்குள் 300க்கும் மேற்பட்ட பறவைகளைக் காட்டில் விட்டார்கள். அங்கே ஒவ்வொரு குஞ்சுக்கும் பொரிக்கும் முன்பே காடு காத்திருந்தது. நம் குவாசூலு-நட்டால் மாகாணத்திலும் அப்படி ஒரு முயற்சி உண்டு. டிராக்கன்ஸ்பெர்க் மலையின் தாடிக் கழுகு இரண்டு முட்டை இடும். இரண்டாவது குஞ்சு காட்டில் பிழைப்பதில்லை. அந்த இரண்டாம் முட்டையை எடுத்து வளர்க்கிறார்கள். எந்த முட்டை, எதற்காக, எங்கே போகும் என்று முன்கூட்டியே தீர்மானித்துச் செய்யும் வேலை அது. நம் வீட்டுப் பின்கட்டில் பொரிப்பவற்றுக்கு அப்படி யாரும் காத்திருப்பதில்லை.

சங்கத்துக்குள் எழுந்த மனத்தாங்கலையும் பதிவு செய்ய வேண்டும். புறாப் பந்தயப் பிரிவினர் சிலர், "எங்கள் புறாவைத் தூக்கும் ஜாதிக்கு நாம் ஏன் வீடு தேட வேண்டும்?" என்று கேட்டார்கள். யூகலிப்டஸ் மரங்களில் கூடு கட்டும் கருப்பு வல்லூறு பந்தயப் புறாக்களை அடித்துக்கொண்டு போவது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். வருடக்கணக்கில் பயிற்சி கொடுத்த புறா வீடு திரும்பாதபோது உண்டாகும் வலியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கூண்டில் நிற்கும் பறவை யாருடைய புறாவையும் தொட்டதில்லை. கடைசியில் பெரிய உதவி செய்ததும் புறாப் பிரிவு அண்ணன்மார்தான். வந்த கூகைகளில் ஒன்று இரையை வாயில் வைத்துக் கீழே போட்டது. வாயைத் திறந்து உள்ளே மஞ்சள் படலத்தைப் பார்த்தவுடனே, "இது கேங்கர்" என்று கண்டுபிடித்தவர் ஒரு புறாக்காரர். புறாவுக்கு வரும் அதே கிருமி, புறா இறைச்சி வழியாக வேட்டைப் பறவைக்கும் தொற்றும். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனதால் பிழைத்தது. செத்த புறாவைப் பருந்துக்குத் தீனியாகப் போடுகிறவர்கள் தயவுசெய்து இதை மனதில் வைக்கவும்.

தீனியைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஆண்டை விளக்க முடியாது. நம் பறவைகள் சாப்பிடுவது குஞ்சு பொரிப்பகங்களில் கழிக்கப்படும் ஒருநாள் சேவல் குஞ்சுகள். கூகை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு இரண்டு என்று குறைத்து வைத்தாலும் வருடத்துக்கு 730. பதினைந்து வருடத்துக்குப் பத்தாயிரத்தைத் தாண்டும். அவற்றை உறையவைத்துத்தான் சேமிக்க வேண்டும். லோட் ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு ஆறாம் கட்டம் வரை போன இந்த ஆண்டில் ஃப்ரீசரில் வைத்த குஞ்சுகள் பலமுறை இளகிக் கெட்டன. அதோடு நிற்கவில்லை. செப்டம்பரில் காட்டெங், புமலாங்கா மாகாணங்கள் பக்கம் எச்7என்6 பறவைக் காய்ச்சல் கோழிப் பண்ணைகளை அடித்தது. நாடு முழுவதும் எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகள் போயின. கடைகளில் முட்டைத் தட்டு கிடைக்காமல் அலைந்தது உங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். முட்டையே இல்லாதபோது ஒருநாள் குஞ்சு எங்கிருந்து வரும்? ஜெனரேட்டர் இருந்த உறுப்பினர்கள் மற்றவர்களின் தீனியையும் தங்கள் ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

இடம் தர முன்வந்தவர்களில் பலருக்கு நாங்கள் இல்லை என்று சொன்னோம். அதற்காகச் சிலர் வருத்தப்பட்டதால் காரணத்தைச் சொல்கிறேன். ஒரு கோயில் விழாக் குழுவினர் பருந்தைக் கருடனாகப் பக்தர்களுக்குக் காட்ட விரும்பினார்கள். கும்பாபிஷேகத்தின்போது வானத்தில் கருடன் வட்டமிடுகிறாரா என்று அண்ணாந்து பார்க்கும் கூட்டத்தில் நானும் ஒருவன்; அந்த பக்தியை மதிக்கிறேன். ஆனால் மேளச் சத்தத்திலும் கற்பூரப் புகையிலும் காலில் வாரோடு நிற்கும் பறவைக்கு அது வேதனை. தவிர, விலங்குகளைக் காட்சிக்கு வைக்க 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். ஆகஸ்டில் வந்து மார்ச் வரை நம் வானில் சுற்றும் மஞ்சள் மூக்குப் பருந்து அவர்களுக்குத் தரிசனம் தரும். கல்யாண மண்டபக்காரர் ஒருவர் மோதிரம் கொண்டுவரக் கூகை கேட்டார், மறுத்தோம்.

கிடங்கு வைத்திருக்கும் ஒருவர் எலி பிடிக்கக் கூகை கேட்டது வேறு விதம். கூண்டுக் கூகை எலி பிடிக்காது. அவருக்குச் சொன்னது: கிடங்கின் உயரமான சுவரில் மரப்பெட்டி ஒன்று பொருத்துங்கள், ரத்தம் உறையாமல் செய்யும் எலி மருந்து வைப்பதை நிறுத்துங்கள், காட்டுக் கூகை தானே வந்து குடியேற வாய்ப்புண்டு. மருந்து தின்ற எலியைத் தின்னும் கூகையும் சாகும் என்பது அவருக்குத் தெரியவில்லை. கேட்டுக்கொண்டார், பெட்டியும் பொருத்திவிட்டார்.

தகுதியான இடம் என்று எதைப் பார்த்தோம்? மாகாண வனவிலங்கு அமைப்பான எசெம்வெலோ அலுவலகத்தின் பெர்மிட் முதலில், பறவை பிறகு. உள்ளூர் இனமென்றாலும் இதில் விலக்கில்லை. வேறு மாகாணத்துக்குப் போவதானால் இரு மாகாண அனுமதியும் கையில் வந்த பின்பே பெட்டியில் ஏற்றினோம். கால் வளையமும் மைக்ரோசிப் எண்ணும் தாளில் உள்ள எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். கூடத்தின் பக்கச் சுவர்கள் பலகையால் மறைக்கப்பட்டிருக்க வேண்டும்; நாலு பக்கமும் கம்பி வலை என்றால் பறவை மோதி மூக்கையும் இறகையும் உடைத்துக்கொள்ளும். அமரும் கட்டைகள் ஒரே தடிமனில் வழவழவென்று இருந்தால் பாதத்தில் புண் வந்து கிருமி ஏறும். அண்டை வீட்டாரிடமும் பேசினோம். சுவரோடு சுவர் ஒட்டிய நம் ஊர் வீடுகளில், கையில் வளர்ந்த பருந்து விடியற்காலையிலிருந்து கத்தினால் முதலில் தூக்கம் கெடுவது பக்கத்து வீட்டு ஆச்சிக்குத்தான்.

இந்த முறையில் கூகைகள் பெரும்பாலானவை நல்ல கூடங்களுக்குப் போய்விட்டன. உடன்பிறந்தவை இரண்டை ஒரே இடத்துக்குத் தந்தபோது, இரண்டும் ஆண் என்று டி.என்.ஏ. சோதனையில் உறுதி செய்த பிறகே தந்தோம். ஹாரிஸ் பருந்துகளில் ஒரு பெண், மூத்த பருந்து பழக்குநர் ஒருவரின் மேற்பார்வையில் பயிலும் நம் இளம் உறுப்பினரிடம் இருக்கிறது. தினமும் எடை பார்த்து எழுதிவைக்கும் அவர் நோட்டைப் பார்த்தபோது மனம் நிறைந்தது. இரண்டு பாதத்திலும் புண் எலும்புவரை போய்விட்ட ஒரு வயதான பறவையை மருத்துவரின் ஆலோசனைப்படி வலியின்றிக் கண்மூடச் செய்தோம். செயற்குழுவில் அதற்கு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை, ஒருவரும் லேசாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆண் ஹாரிஸ் பருந்துகள் இரண்டு இன்னும் தற்காலிகக் கூடத்திலேயே நிற்கின்றன.

வெளிநாட்டுக்கு விற்கலாம் என்ற யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை. சர்வதேச வணிக அனுமதி வாங்கினாலும், போன பிறகு அந்தப் பறவை யார் கையில் இருக்கிறது என்று கேட்க நமக்கு வழி இருக்காது.

ஆகவே பொதுக்குழுவின் முன் ஒரு தீர்மானத்தை வைக்கிறேன். பெர்மிட் பெற்று, கூடம் கட்டி முடித்து, பெயர் எழுதிக் கொடுத்த ஆள் இருந்தால் ஒழிய, நம் உறுப்பினர் எவரும் 2024இல் வேட்டைப் பறவை ஜோடியைக் குஞ்சு பொரிக்கவிடக் கூடாது. ஜோடியைப் பிரிக்க மனமில்லாதவர்கள், புறாப் பிரிவில் காலங்காலமாகச் செய்வதுபோல, முட்டையை எடுத்துவிட்டுப் போலி முட்டை வைக்கலாம். பறவை சில வாரம் அடைகாத்துவிட்டுத் தானே எழுந்துவிடும். தேவையான போலி முட்டைகளைத் தருவதாகப் புறாப் பிரிவினர் சொல்லியிருக்கிறார்கள். பெர்மிட் வைத்திருக்கும் ஒவ்வொருவரும், தமக்கு ஏதாவது நேர்ந்தால் பறவையை ஏற்கச் சம்மதித்தவர் பெயரையும் எழுதி என்னிடம் தர வேண்டும் என்பது தீர்மானத்தின் இரண்டாம் பகுதி.

வழிமொழிய விரும்புகிறவர்கள் கையை உயர்த்தலாம். வாக்கெடுப்பு முடிந்ததும், ஆண் பருந்துகள் இரண்டையும் ஏற்கக்கூடியவர்கள் மேடைக்கு இடப்புறம் வைத்திருக்கும் படிவத்தைப் பூர்த்தி செய்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்