கோபமிருந்தால் உள்ளே இருந்து கோபப்படு

அன்பு மகனுக்கு,

14-ஆம் லியோ புதிய திருத்தந்தையாக (போப்பாக) தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தியை உனக்கு அனுப்பியபோது, "அவரும் ஒரு மனிதர்தானே அப்பா" என்று மட்டும் பதில் எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. தொலைபேசியில் குழந்தைக்குப் பல் முளைப்பதைப் பற்றியும் உன் வேலையைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிடுகிறோம். ஆகவே எழுதுகிறேன்.

அவர் மனிதர்தான். முதல் திருத்தந்தை என்று நாம் சொல்லும் பேதுருவே, சேவல் கூவுவதற்குள் ஆண்டவரை மூன்று முறை மறுதலித்தவர். பின்னொரு நாள் அந்தியோக்கியாவில், பிற இனத்தாரோடு உண்பதை விட்டு அவர் ஒதுங்கியபோது, எல்லார் முன்னிலையிலும் அவரைக் கடிந்துகொண்டதாகப் பவுல் கலாத்தியருக்கு எழுதியிருக்கிறார். திருச்சபை அந்தப் பகுதியை மறைக்காமல் இன்றும் திருப்பலியில் வாசிக்கிறது.

திருத்தந்தை தவறே செய்யமாட்டார் என்று நாம் நம்புவதாகப் பலர் நினைக்கிறார்கள். மறைக்கல்வியில் பரிசு வாங்கிய நீயும் அப்படி நினைக்கலாமா? 1870-இல் முதல் வத்திக்கான் பொதுச்சங்கம் வரையறுத்த வழுவாவரம் (தவறாத வரம்), விசுவாசத்தையோ ஒழுக்கத்தையோ குறித்த ஒரு போதனையை அவர் திருச்சபை முழுமைக்கும் அறுதியாக அறிவிக்கும்போது மட்டுமே பொருந்தும். அதற்குப் பின் அப்படி நிகழ்ந்தது 1950-இல், 12-ஆம் பயஸ் அன்னை மரியாவின் விண்ணேற்பை அறிவித்தபோதுதான். ஒரு திருத்தந்தையின் நிர்வாகமும் பேட்டிகளும் அதில் சேரா. சிலி நாட்டில் நடந்த பாலியல் கொடுமைகளைத் தாம் பெரிதும் தவறாக மதிப்பிட்டுவிட்டதாக, 2018-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அந்நாட்டு ஆயர்களுக்கு எழுதியதை எனக்கு முதலில் காட்டியவனே நீதான். உனக்கு வந்த கோபம் நியாயமானது. பெரியப்பாவைப் போல, "சாமியார்களைப் பற்றிப் பேசாதே" என்று நான் உன் வாயை அடைத்தேனா?

ஆனால் கோபப்பட்டவர்கள் எல்லாரும் வெளியேறிவிடவில்லை. சியன்னா நகரத்துப் புனித கத்தரீன் ஒரு சாயத் தொழிலாளியின் மகள். பதவி ஏதும் இல்லாதவர். பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில் தங்கிவிட்ட திருத்தந்தை 11-ஆம் கிரகோரியை உரோமைக்குத் திரும்பும்படி கடிதங்களால் நெருக்கினார், நேரிலும் போய் வற்புறுத்தினார்; 1377-இல் அவர் திரும்பினார். அந்தக் கண்டிப்பான கடிதங்களிலேயே, வீட்டில் பிள்ளைகள் அழைப்பதுபோல், அவரை 'அப்பா' என்றும் அழைத்திருக்கிறார். (எனக்கு நீ கண்டிப்பான கடிதம் ஒன்று எழுதினால்கூட மகிழ்ச்சியாகத்தான் இருக்கும்.) கோபமிருந்தால் உள்ளே இருந்து கோபப்படு.

2025 ஏப்ரல் 21 அன்று பிரான்சிஸ் இறந்ததிலிருந்து மே 8-இல் லியோ தேர்ந்தெடுக்கப்படும் வரை, திருப்பலியில் சொல்லும் நற்கருணை மன்றாட்டில் திருத்தந்தையின் பெயர் வரும் இடம் காலியாக இருந்தது. எங்கள் பங்குத்தந்தை பழக்கத்தில் அந்த இடத்துக்கு வந்து, நாக்கு நுனிவரை வந்த பெயரை விழுங்கிவிட்டு, ஆயரின் பெயருக்குப் போனார். பெயர் இல்லாததால் நற்கருணை குறைந்துவிடவில்லை. என் விசுவாசம் திருத்தந்தையின் மேல் கட்டப்பட்டதும் அல்ல. ஆனாலும் அந்த இடைவெளி என்னை உறுத்தியது. உலகத்தின் எந்த மூலையில் எந்த மொழியில் திருப்பலி நடந்தாலும் அந்த ஒரு பெயர் சொல்லப்படுகிறது. நீ இருக்கும் நாட்டிலும் சொல்லப்படுகிறது என்று ஞாயிறுதோறும் அந்த இடத்தில் நான் நினைத்துக்கொள்வேன். அதைக் கேட்க நீ அங்கே உட்கார்ந்திருக்கிறாயா என்று நான் கேட்கவில்லை. கேட்கமாட்டேன் என்று உன் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நீ யோசிக்கிறவன் என்பதில் எனக்குப் பெருமைதான். யோசி, சண்டை போடு. ஆனால், மறுபடியும் சொல்கிறேன், உள்ளே இருந்து போடு.

குழந்தையைப் பற்றி அம்மா கேட்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். என்ன கேட்கச் சொல்கிறாள் என்பது உனக்கே தெரியும். ஞானஸ்நானத்துக்கு அங்குள்ள பங்குக் கோயிலில் உங்கள் திருமணச் சான்றிதழைக் கேட்டால் சொல், மறுநாளே நகல் எடுத்து அனுப்புகிறேன். அவர்கள் கேட்காவிட்டாலும், அனுப்பவா வேண்டாமா என்று பதில் போடு.

இப்படிக்கு,
அப்பா