குறையே இல்லாத மாப்பிள்ளை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிறம் கடந்த காதலை ஹாலிவுட் காட்டிய விதம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1967-இல் வெளியான ‘கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்’ படத்துக்கு அதில் அள்ளிக் கொடுத்த பாராட்டில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

வெள்ளைக்காரப் பெண்ணை மணக்க வரும் கறுப்பின மருத்துவராக சிட்னி பாய்ட்டியே நடித்த பாத்திரத்தைப் பாருங்கள். உலகப் புகழ், ஒழுக்கம், பணிவு. போதாததற்கு, பெண்ணைப் பெற்றவர்கள் சம்மதிக்காவிட்டால் விலகிவிடுவதாக அவரே வலியப்போய் வாக்குக் கொடுக்கிறார். பெண் வெள்ளைக்காரியாக இருந்தால் போதும். கறுப்பின ஆண் மட்டும் எல்லாப் பரீட்சையிலும் நூற்றுக்கு நூறு வாங்க வேண்டும். குறையே இல்லாதவனாகக் காட்டினால்தான் நிறம் ஒன்றே தடை என்பது பளிச்சென்று தெரியும் என்பார்கள். தெரியத்தான் செய்கிறது. ஆனால் அந்த இடத்தில் ஒரு லாரி டிரைவர் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் படம் யோசிக்கவே விடவில்லை.

நிறம் கடந்த திருமணத்துக்கான தடையை எதிர்த்து அதே ஆண்டு ஜூன் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வென்ற வெள்ளையரான ரிச்சர்ட் லவிங் ஒரு கொத்தனார். கறுப்பினப் பெண்ணான மில்ட்ரெடை மணந்ததற்காக 1958-இல் வர்ஜீனியா போலீஸ் நடு இரவில் படுக்கையறைக்குள்ளேயே புகுந்து இருவரையும் பிடித்தது. ஓராண்டுச் சிறை, மாநிலத்தை விட்டு வெளியேறி 25 ஆண்டுகள் சேர்ந்து திரும்பி வராமலிருந்தால் தண்டனை நிறுத்திவைக்கப்படும் என்றது தீர்ப்பு. 1967-இல் 16 மாநிலங்களில் இப்படித் திருமணத்தைத் தடுக்கும் சட்டம் இருந்தது. படத்தில் அந்தச் சட்டம் ஒரே வசனத்தில் வந்து போகிறது. மற்றபடி எல்லாம் ஒரு மாலைப்பொழுதில் ஓர் அப்பாவின் மனம் மாறுவதுதான்.

ஹாலிவுட்டுக்கே இதில் பங்குண்டு. 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்த தணிக்கை விதி, கறுப்பர்–வெள்ளையர் காதலைத் திரையில் காட்டவே தடை விதித்திருந்தது. மற்ற இனத்தவரும் தப்பவில்லை. ‘தி குட் எர்த்’ (1937) படத்தில் சீன விவசாயியாக வேடமிட்டவர் வெள்ளையரான பால் முனி. அவருக்கு மனைவியாக நடிக்கும் வாய்ப்பு சீன அமெரிக்கரான அன்னா மே வோங்குக்குக் கிடைக்கவில்லை. வெள்ளையரான லூயிஸ் ரெய்னர் நடித்தார், ஆஸ்கரும் வாங்கினார்!

மீரா நாயரின் ‘மிசிசிப்பி மசாலா’வை (1991) கட்டுரை தொடவே இல்லை. அதில் கறுப்பின நடிகர் டென்சல் வாஷிங்டன் தரைவிரிப்பு சுத்தம் செய்து பிழைப்பவராக, வங்கியில் கடன் வாங்கியவராக வருகிறார். இந்தியப் பெண்ணுடன் காதல் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் கழன்றுகொள்கிறார்கள், வங்கி நெருக்குகிறது. இனவெறி பணப்பையில் கை வைப்பதை அங்கேதான் பார்த்தேன். இந்தியக் குடும்பத்தின் வெறுப்பையும் அந்தப் படம் மூடி மறைக்கவில்லை.

இன்னொன்று. முதலில் சொன்ன படத்தில் டில்லி என்று ஒரு கறுப்பின வேலைக்காரி உண்டு. பெண்ணின் அப்பா நீளமாகப் பேசிக் காதலுக்கு ஆசி வழங்கி முடித்ததும், சாப்பாடு எப்போது வரும் என்று அவளைத்தான் கேட்கிறார். படத்தின் கடைசி வசனம் அதுதான். எல்லோரும் மேஜைக்குப் போகிறார்கள். பரிமாற டில்லி இருக்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்