இசக்கியின் கையிலிருந்த பிள்ளையை எடுத்தவர்களுக்கு

எங்கள் ஊர் இசக்கியம்மன் கோயில் திருப்பணிக் குழுவினருக்கு,

வணக்கம். வெட்டவெளியில் நின்ற பீடத்துக்கு மேல் கான்கிரீட் போட்டீர்கள், தரைக்கு டைல்ஸ் பதித்தீர்கள், முகப்பில் ‘ஸ்ரீ இசக்கி துர்காம்பிகை’ என்று எழுதினீர்கள். தலைக்கட்டு வரி கொடுத்தவன் என்றாலும் அவற்றுக்குக் கணக்குக் கேட்க இதை எழுதவில்லை. ஒரு பிள்ளையை வாயில் கவ்வி, இன்னொன்றை இடுப்பில் அணைத்து நின்ற சுடுமண் இசக்கியை எடுத்துவிட்டு, தாமரை ஏந்திய கருங்கல் சிலையை அங்கே நிறுத்தியிருக்கிறீர்களே, அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பழைய இசக்கிக்கு மீண்டும் ஒரு பீடம் கொடுங்கள்.

பங்குனிக் கொடை விழாவன்று நடந்தது உங்களில் சிலருக்குத் தெரியும். என் பெரியம்மாவுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது பிழைத்தபோது நேர்ந்துகொண்டபடி, ஆண்டுதோறும் மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் ஒரு மண்பிள்ளை வாங்கி இசக்கியின் காலடியில் வைத்து வந்தார். இந்த முறையும் ஈரத் துவர்த்துத் துண்டில் பொதிந்து எடுத்து வந்தார். டைல்ஸில் மண் ஒட்டும், உண்டியலில் ரூபாய் போட்டால் போதும் என்று உங்கள் தொண்டர் தடுத்துவிட்டார். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. புதுச் சிலையின் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு பொதியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்த வழியே நடந்தார். அந்த மண்பிள்ளை இப்போது அவர் வீட்டு அரிசிப் பானைக்கு அருகில் இருக்கிறது.

வாயில் பிள்ளையோடு நிற்பது பேய், அது குடும்பங்களுக்கு ஆகாது என்று நீங்கள் அழைத்து வந்த பெரியவர் சொன்னாராம். பிள்ளை தின்னும் யட்சிணியான, அதாவது இயக்கியான, ஹாரீதியின் கடைசி மகனைப் புத்தர் ஒளித்துவைத்து அவளுக்குத் தாயின் வேதனையை உணர்த்தினார் என்றும், அதன் பின் அவள் பிள்ளைகளைக் காப்பவளானாள் என்றும் பௌத்தர் சொல்வதை அவர் கேட்டதில்லை போலும். இறந்த குழந்தையை மாலதியின் கையிலிருந்து பறித்த இடாகினியைச் சிலப்பதிகாரம் பேய் என்கிறது, உண்மைதான். ஆனால் அந்த டாகினியே திபெத்தில் வானில் உலவி ஞானம் தருபவளாகவும், லலிதா சகஸ்ரநாமத்தில் தொண்டையிலுள்ள விசுத்திச் சக்கரத்து யோகினியாகவும் இருக்கிறாள். ஆயர்குல மாதரி பால்மடை (பால்சோறு) கொடுத்து வணங்கிய இயக்கியும் அதே சிலப்பதிகாரத்தில்தான் வருகிறாள். இயக்கி என்ற பெயர்தான் நம் வாயில் இசக்கி ஆயிற்று. கொல்பவளும் காப்பவளும் ஒருத்தியே என்பதால்தான் பிள்ளை பறிகொடுத்தவர்கள் அவளிடம் போனார்கள். பிள்ளையை எடுத்துவிட்டால் அவர்கள் யாரிடம் போவார்கள்?

நம் கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலையில் சமணரின் அம்பிகா இயக்கிக்கு 9ஆம் நூற்றாண்டில் குணந்தாங்கிக் குரத்தியார் என்ற பெண் துறவி பொன் அணி கொடுத்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. இன்று அவளைப் பகவதி என்று கும்பிடுகிறார்கள். பெயர் மாறியதற்காக யாரும் பழைய உருவைச் சாக்கால் மூடிப் போடவில்லை. கூரை விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். ஒடிசாவின் ஹிராப்பூரில் 64 யோகினிகள் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகக் கூரையில்லாத வட்டக் கோயிலில் நிற்கிறார்கள். நல்லவேளை, அங்கே உங்களைப் போன்ற குழு அமையவில்லை. அமைந்திருந்தால் 64 பேருக்கும் டைல்ஸும் கையில் ஒரு தாமரையும் கிடைத்திருக்கும்.

இசக்கி கதையில் வரும் நீலி கள்ளிக் கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்த பகுதியை இந்தக் கொடையில் பாட வேண்டாம் என்று வில்லுப்பாட்டுக்காரர்களிடம் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். கதையிலும் பிள்ளை இருக்கக் கூடாதா?

கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். கருங்கல் சிலையை அகற்றுமாறு கேட்கவில்லை, அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். கிணற்றங்கரையில் சாக்கு மூடிக் கிடக்கும் சுடுமண் இசக்கியை, வெளியே கள்ளிச் செடியின் பக்கமாவது ஒரு பீடம் கட்டி, கூரை போடாமல் நிறுத்துங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இடது கையில் ஏற்கெனவே விரிசல் விட்டிருக்கிறது. வேளாரிடம் பேசியிருக்கிறேன், சரிசெய்யும் செலவை எங்கள் குடும்பம் ஏற்கும். இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
தலைக்கட்டு வரி செலுத்தும் ஒரு குடும்பத்தான்