கோடை விடுமுறையில் ஒரு தொட்டிக் கீரை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலூர் வெயிலில் நாலைந்து வயதுக் குழந்தையை மாடித் தோட்டத்துக்குப் பழக்க, காலை 7 மணிக்கு முன்பும் மாலை 5.30-க்குப் பிறகுமே சரியான நேரம். முதல் பயிராகச் சிறுகீரை போடுங்கள். நாலைந்து நாளில் முளைக்கும், 25 நாளில் பறிக்கலாம். குழந்தையின் பொறுமை அவ்வளவுதான் தாங்கும்.

அகலமான தொட்டியின் அடியில் நான்கு துளை இடுங்கள். செம்மண் 2 பங்கு, மக்கிய சாண எரு 1 பங்கு, தேங்காய் நார்க்கழிவு 1 பங்கு. பச்சைச் சாணம் வேண்டாம். சூட்டில் வேர் கருகும். கீரை விதை கடுகைவிடப் பொடி. பிஞ்சுக் கையில் அப்படியே கொடுத்தால் ஒரே இடத்தில் கொட்டும். ஒரு ஸ்பூன் விதைக்குப் பத்து ஸ்பூன் மணல் கலந்து தூவச் சொல்லுங்கள். மேலே மெல்லிய மண் போதும். ஆழம் போனால் முளைக்காது. எறும்பு விதையைத் தூக்கிப் போகும். தொட்டியைச் சுற்றிச் சாம்பல் தூவுங்கள்.

தண்ணீர் பாட்டில் மூடியில் ஊசியால் பத்துத் துளை போட்டால் அருமையான பூவாளி. மொட்டை மாடித் தண்ணீர் டேங்கிலிருந்து மதியம் வரும் தண்ணீர் கொதிக்கும். அதைச் செடிக்கு விடாதீர்கள்.

நம்மூர் இலவம்பாடிக் கத்தரி ருசியானது, ஆனால் முள் குத்தும். கீரைக்கு அடுத்த பயிராகக் குழந்தைக்கு வெண்டை போதும்.

உழவர் சந்தையில் கோடை மாதங்களில் சின்னப் பொட்டலங்களாக விதை விற்க அதிகாரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒரு வாசகர்,
காட்பாடி, வேலூர்.